விறகு ஃபர்னஸுக்கு ஆள் பார்த்த கதை

எனக்குப் பத்து வயதானபோது, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் ஃபர்னஸ் ஜனவரிக் குளிரில் மூன்று நாள் படுத்துவிட்டது. நானும் அப்பாவும் அம்மாவும் ஓவர்கோட்டோடு சாம்பார் சாதம் சாப்பிட்டோம். நான்காம் நாள் அப்பா சபதம் எடுத்தார்: இந்தச் சனியனைக் கழற்றி எறிந்துவிட்டு, பேஸ்மென்டில் விறகில் எரியும் ஃபர்னஸ் வைப்பது. விறகு மக்கர் பண்ணாது என்பது பொறியாளரான அவருடைய கணிப்பு.

ஆராய்ச்சி முடித்து அவர் ஆள் பார்க்கத் தொடங்கியபோது அக்டோபர் வந்துவிட்டது. மரத்தால் கட்டிய வீட்டுக்குள் நெருப்பை வைக்கிற வேலை, லைசென்ஸ் உள்ளவர்தான் வேண்டும் என்றார். நியாயம்தான். ஆனால் தேடிய விதம் என் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்த விதம். லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், முன்பு வேலை செய்த மூன்று வீடுகளின் நம்பர் எல்லாம் வாங்கி, அந்த வீடுகளுக்கு ஃபோன் போட்டு, ஆள் எப்படி என்று விசாரித்தார். நேரில் வருகிறவருக்கு அம்மா கேசரி கிண்ட வேண்டும்.

முதலில் வந்தவர் ஷூவோடு ஹாலுக்குள் நடந்தார். அத்தோடு சம்பந்தம் முறிந்தது. இரண்டாமவரிடம், இதுவரை எத்தனை ஃபர்னஸ் வைத்திருக்கிறீர்கள் என்று அப்பா கேட்டதற்கு நிறைய என்றார்.

"நிறையன்னா என்ன நம்பர்? பரீட்சைல இப்படி எழுதினா மார்க் போடுவானா?" என்று அவர் போன பிறகு அப்பா அம்மாவிடம் கேட்டார்.

அம்மாவின் கவலை வேறு. திருச்சியில் அவளுடைய அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். "அடுத்த டிசம்பர் போலாம்" என்று அப்பா சொல்லிச் சொல்லியே இரண்டு டிசம்பர் போயிருந்தது. இது மூன்றாவது.

எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. எங்கள் வீட்டுக்குள் நிஜ நெருப்பு வருகிறது, நான்தான் விறகு போடுவேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். இன்றைக்கு பேக்யார்ட் கிரில்லைப் பற்றவைக்க மூன்று வீடியோ பார்க்கிறவன் நான்.

மூன்றாவதாக வந்தவர் தாடி வைத்த பெரியவர். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார். கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பா முகத்தில் நிச்சயதார்த்தக் களை. பெரியவர் பேஸ்மென்டில் இறங்கி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் புகைபோக்கியை ஆராய்ந்துவிட்டு, தாராளமாக வைக்கலாம் என்றார்.

அப்போது அம்மா கடைசிப் படியில் வந்து நின்றாள். சூப்பர் மார்க்கெட்டைத் தவிர வேறெங்கும் அவள் இங்கிலீஷ் பேசி நான் கேட்டதில்லை.

"டிசம்பர் வீ கோ இந்தியா. ஒன் மந்த். ஹூ வில் புட் வுட்?"

காலையும் மாலையும் யாராவது விறகு போட்டே ஆக வேண்டும், அணைந்தால் குளிரில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிடும் என்றார் பெரியவர்.

அப்பா அம்மா பக்கம் திரும்பி, "அதுக்கென்ன, ஊருக்கு அடுத்த வருஷம் போய்க்கலாமே" என்றார்.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த நோட்டை மூடினார். ஆள் இல்லாத வீட்டுக்கு எண்ணெய் ஃபர்னஸ்தான் சரி, அதை ரிப்பேர் செய்ய ஒருவரை அனுப்புகிறேன், முதலில் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லி பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

"நாம வேண்டாம்னு சொல்லலாம். அவன் எப்படி நம்மள வேண்டாங்கலாம்?" என்று அப்பா இரண்டு நாள் புலம்பினார்.

"அதான் இல்லேன்னு ஆயிடுச்சே. டிக்கெட்டப் பாருங்க" என்றாள் அம்மா.

டிசம்பர் முழுக்கத் திருச்சியில் அவள் தன் அப்பாவுக்குத் தன் கையால் கஞ்சி ஊட்டினாள். நான் கொசுவையும் அந்தத் தாடிக்காரரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில், தாத்தா போய்விட்டார் என்று ஃபோன் வந்தது. அடுத்த வாரம் அம்மா ஒரு கார்டை என் முன்னால் வைத்தாள்.

"அந்தத் தாடிக்காரருக்கு இங்கிலீஷ்ல எழுதுடா. எங்க வீட்ல ஃபர்னஸ் வெக்காததுக்கு ரொம்ப தேங்க்ஸ்னு எழுது."

மனுஷனை எவ்வளவு நாசூக்காகக் குத்திக்காட்டுகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. என் பங்குக்கு இன்னொரு 'ரொம்ப' சேர்த்து, அதற்கு அடியில் இரண்டு கோடும் போட்டேன்.