சுகர் டப்பா

வில்லியனூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் வரிசையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். மடுகரைக்காரர். ஐம்பது வயதிருக்கும், கையெல்லாம் கரும்புச் சோகை கீறிய தழும்பு. மார்கழிக் குளிரிலும் முகம் குப்பென்று வேர்க்க, ஓ.பி. சீட்டால் விசிறிக்கொண்டே இருந்தார். தீட்டு நிற்கிற வயசின் சூடு. எனக்கும் அதே சூடுதான், அதே மனச்சோர்வு மாத்திரைதான்.

பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, பழைய சுகர் மாத்திரை டப்பாவில் போட்டார்.

“வூட்ல சுகருன்னு சொல்லி வச்சிருக்கேன். மனசுக்கு மாத்திரைன்னா பொண்ண யாரு கட்டுவா?”

“மாத்திரை கேக்குதாக்கா?”

“அழுகை நின்னுடுச்சி. வேற ஒண்ணும் மாறல. போன மாசம் பொண்ணுக்கு நிச்சயம். எல்லா எலைக்கும் பாயசம் ஊத்திக்கினே வந்தவ, எம்பொண்ணு, என் எலைய மட்டும் தாண்டிப் போயிட்டா. ‘உனக்குத்தான் சுகராச்சேம்மா’ன்றா.”

விசிறிக்கொண்டிருந்த கை நின்றது.

“உன் வூட்ல இன்னான்னு சொல்லியிருக்கம்மா?”

“தைராய்டுன்னு.”

“அதுக்கு இனிப்பு சாப்பிடலாம், இல்ல?”

சாப்பிடலாம் என்றேன். எதைத் தின்றாலும் எனக்கு இப்போது இனிப்பதில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.