பிரித்த தையல்

அம்மா இறந்து மூன்று வருஷம் கழித்து, அப்பா ஒரு சித்தியையும், அவள் கையைப் பிடித்தபடி ஒரு தங்கச்சியையும் வீட்டுக்குக் கூட்டிவந்தார். பெரியவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று கதை கேட்டு வளர்ந்தவள், சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள். வந்த சித்தியோ குரலைக்கூட உயர்த்தவில்லை. வலிக்காமல் சிக்கெடுத்துத் தலை பின்னிவிட்டாள். சண்டை போட ஆள் கிடைக்காத கோபமெல்லாம் எட்டு வயதுச் சின்னவள் தலையில் விடிந்தது.

சின்னவளை எல்லோரும் சிட்டு என்பார்கள். சித்திக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஏழுக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். அப்பா லாரியை எடுத்துக்கொண்டு போனால் வர மூன்று நாளாகும். பிறகென்ன, வீட்டில் பெரியவள் வைத்ததுதான் சட்டம். கூட்டுவது, பாத்திரம் துலக்குவது, பெரியவளின் ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, எல்லாம் சிட்டுவின் வேலை.

"அம்மாகிட்ட மூச்சு விட்டே, அவ்வளவுதான்! அப்பா உங்க ரெண்டு பேரையும் பெட்டியோட வெளிய அனுப்பிடுவார்" என்று மிரட்டியும் வைத்திருந்தாள். சிட்டு வாயே திறக்கவில்லை.

பள்ளி நாடகத்தில் சிட்டுவுக்கு ராணி வேஷம் கிடைத்தது. சித்தி பழைய ஜன்னல் திரையை வெட்டி, வேலை முடிந்து வந்த அலுப்போடு ஒரு வாரம் உட்கார்ந்து நீல அங்கி ஒன்று தைத்தாள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. விழாவன்று காலை, சித்தி குளிக்கப் போன நேரம் பார்த்து, இடுப்புத் தையலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் நூலை மட்டும் கத்தரித்து வைத்தாள்.

மேடையில் ராணி கையை உயர்த்தியதுதான் தாமதம், அங்கி சர்ரென்று பிரிந்தது. கூடமே சிரித்தது. பெரியவளும் சிரித்தாள். ஆனால் சிட்டு ஓடவில்லை. ஒரு கையால் பிரிந்த இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, வசனத்தை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள். பெரியவளுக்கு அதற்கு மேல் சிரிக்க வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "கதவுல மாட்டிக்கிச்சும்மா, நான்தான் இழுத்துட்டேன்" என்றாள் சிட்டு.

"இல்லடா, என் தையல்தான் சரியில்ல. தூக்கக் கலக்கத்துல தச்சேன்ல" என்று சித்தி பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தலை பின்னும்போது சித்தியின் விரல் பிடரியில் பட்டாலே உடம்பு கூசியது. நாலாம் நாள், பாதிப் பின்னலில், உளறிக் கொட்டிவிட்டாள்.

"நூலை வெட்டினது நான்தான் சித்தி."

சித்தியின் கை நின்றது. அடி விழும் என்று பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. சித்தி பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். "என்கிட்ட சொல்லிட்டே. அவகிட்ட யார் சொல்றது?"

சிட்டு பின்கட்டில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் போய் அவளிடமும் அதையே சொன்னாள்.

"தெரியும்க்கா" என்றாள் நிமிராமல். "அறுந்த நூல் மாதிரி இல்ல. வெட்டின மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"சொன்னா எங்களை அனுப்பிடுவாங்கன்னு நீதானே சொன்னே? எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்குக்கா."

அந்த ஷூவாலேயே நாலு போட்டிருந்தால்கூடப் பெரியவள் தாங்கியிருப்பாள்.

அப்பா ஊர் திரும்பியதும் அவளே எல்லாவற்றையும் ஒப்பித்து, வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்பா சிட்டுவை மடியில் உட்காரவைத்து, "இது உன் வீடுடா" என்று பத்துத் தடவை சொன்னார். துடைப்பம் பெரியவள் கைக்கு மாறியது. இருந்தும், ஒரு பிஸ்கட்டுக்குக்கூட "எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கேட்பதைச் சிட்டு விடவில்லை. கேட்கும்போதெல்லாம் பெரியவளுக்குச் சுருக்கென்று தைக்கும். "கேக்காதடி, எடுத்துக்கோ" என்று கெஞ்சியும் பார்த்தாள். எட்டு வருஷம் ஓடியது. அந்தக் கேள்வி மட்டும் ஓயவில்லை.

பெரியவள் தையல்கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஆசையாக ஒரு சிவப்புக் குடை வாங்கினாள். மறுவாரமே நல்ல மழை. கிளம்பும்போது குடையைக் காணோம்.

"சிட்டு எடுத்துட்டுப் போயிட்டாளே. உன்கிட்ட கேக்கலையா?" என்றாள் சித்தி.

"கேக்கல சித்தி" என்றவள், வேறு குடை தேடாமல் சிரித்தபடி மழையில் இறங்கினாள்.

தொப்பலாக நனைந்து வந்து நின்றவளிடம், "குடை இல்லையாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"என் தங்கச்சி எடுத்துட்டுப் போயிட்டா சார்" என்று சொல்லி, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள்.