ஸ்ட்ரெதத்தில் விட்டுவந்த பெட்டி

1991, ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. காலை ஒன்பது நாற்பதுக்கு ஹவுன்ஸ்லோ சென்றலில் ரெயில் ஏறினேன். நாள் முழுதும் செல்லுகிற ரிக்கெற் இரண்டு பவுண் அறுபது பென்ஸ். கைப்பையில் நூற்றி நாற்பது பவுண் காசு, பொலிஸ் தந்த லைசென்ஸ், சின்ன ரோச் லைற், நானே தைத்த தடித்த துணி உறை, விளக்குமாற்றில் முறித்த ஈர்க்கு ஒன்று. போகிற இடம் ஸ்ட்ரெதம். போகிற காரியம், பழைய பிஸ்டல் வாங்குவது.

வாசிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். கடதாசியைச் சுடுகிற பிஸ்டல்தான்.

நான் பன்னிரண்டு வருசம் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குகிற இடத்தில் வேலை செய்தேன். வேலையாட்களுக்கென்று அங்கே ஒரு கிளப். அதன் பின்பக்கத்தில் இருபது யார், அதாவது அறுபது அடி, நீளத்தில் இலக்குச் சுடுகிற அறை. என் மனுசன் காலமான வருச மாரியில், என்னோடு வேலை செய்த மேரி என்ற ஐரிஷ்காரி, "வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இராதே, வா" என்று ஒரு வியாழக்கிழமை என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க எனக்கு வெட்கம். அங்கேயோ எல்லாரும் காதை மூடிக்கொண்டு நிற்கிறார்கள், யாரும் யாரோடும் கதைக்க ஏலாது. வாயுள்ளவளும் வாயில்லாதவளும் அங்கே ஒன்று. என் கை நடுங்காத கை என்பதையும் அன்றைக்குத்தான் கண்டேன்.

மூன்று வருசம் மேரியின் பிஸ்டலை வாங்கி வாங்கிச் சுட்டேன். போன மாதம் அவள் பென்சனோடு அயர்லாந்துக்குப் போய்விட்டாள். பிஸ்டலைத் தன் தம்பிக்கென்று முன்னமே சொல்லிவைத்திருந்தாள். கிளப்பில் பொதுத் துப்பாக்கி கிடையாது. சொந்தமாக ஒன்று இல்லாவிட்டால் எனக்கு வியாழக்கிழமை இல்லை. பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு, கிழமையில் ஆள் முகம் பார்க்கிற நாள் அது ஒன்றுதான்.

லைசென்சுக்கு வீடு பார்க்க வந்த பொலிஸ்காரர், சாமி அலுமாரிக்குக் கீழே சுவரோடு இறுக்கியிருந்த இரும்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு மேலே முருகன் படத்தில் இருந்த வேலைக் காட்டி, "அதுக்கு லைசென்ஸ் இருக்கோ?" என்று கேட்டார். அவர் போன பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒஸ்ரர்லியில் கமலா ஏறினாள். முன்பு எங்கள் தெருவில் இருந்தவள், கோவிலில் காண்கிற முகம்.

"என்ன அன்ரி, விடியக் காலமை வெளிக்கிட்டாச்சு? எங்கை போறியள்?"

"ஒரு பழைய சாமான் வாங்க, பிள்ளை."

"தையல் மெசினோ?"

"அது மாதிரித்தான்."

"தனியவோ போறியள்? கவனம் அன்ரி. வெள்ளையன் சொல்ற விலையை அப்பிடியே தூக்கிக் குடுத்துப்போட்டு வராதையுங்கோ. உங்களுக்கு வாயில்லை எண்டு முகத்திலையே எழுதிக் கிடக்கு."

"ஓம்" என்றேன். ஹமர்ஸ்மித்தில் அவள் இறங்கும் வரைக்கும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். துப்பாக்கிக்குத் தப்பி வந்த சனத்திடம் துப்பாக்கி வாங்கப் போறன் என்று எப்படிச் சொல்வது?

கிறீன் பார்க்கில் மாறி, பத்து ஐம்பதுக்குப் பிறிக்ஸ்ரன். வெளியே தூறல். 159ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, பனிச்சறுக்கு மண்டபத்தடியில் இறக்கிவிடச் சொன்னேன். கொண்டக்டர் என் சேலையையும் கோட்டையும் மேலும் கீழும் பார்த்தார். "சறுக்கவோ போறாய், டார்லிங்? விழுந்து இடுப்பை முறிச்சுப் போடாதை!" பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும்போது அவரே கைகொடுத்து இறக்கிவிட்டார்.

பதினொன்றரைக்கு வீட்டைப் பிடித்தேன், பஸ் நின்ற இடத்திலிருந்து ஏழு நிமிச நடை. விற்கிறவர் பெயர் ஆர்தர். எழுபத்தைந்துக்கு மேலே இருக்கும். எங்கள் கிளப் பலகையில் குத்தச் சொல்லி அவர் தபாலில் அனுப்பிய துண்டுக் கடதாசியில் "நல்ல நிலை, 140 பவுண்" என்று இருந்தது. கதவைத் திறந்தவர் என் தலைக்கு மேலாலே தெருவைப் பார்த்தார், வேறு யாரோ வருவதாக. "நான்தான்" என்று லைசென்சை நீட்டினேன். எழுத்து எழுத்தாக வாசித்தார். அவர் இங்கிலிசில் சொன்னவற்றை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"எவ்வளவு காலமாய்ச் சுடுறியள்?"

"மூண்டு வருசம்."

"மூண்டு வருசத்திலை ஒருத்தரும் சுடப் பழகிறேல்லை" என்று சொல்லிக்கொண்டு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே பச்சைத் துணியில், பிஸ்டலின் உருவத்துக்கே குழி வெட்டி, அதற்குள் பிஸ்டல். கையில் எடுத்ததும் எனக்கென்று செய்தது போல இருந்தது. ஆனால் முகத்தில் காட்டவில்லை. ரோச்சை அடித்துக் குழலைப் பார்த்தேன். சுத்தம். பிறகு ஈர்க்கை எடுத்தேன்.

இதை விளக்க வேண்டும். இந்த வகைத் தோட்டாவுக்குப் பற்றவைக்கிற மருந்து அடி விளிம்பில் இருக்கும். பிஸ்டலின் ஊசி அந்த விளிம்பில்தான் குத்தும். உள்ளே தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால், ஊசி போய், தோட்டா போடுகிற குழல் வாயின் இரும்பில் இடிக்கும். வெறுமனே இழுக்காதே என்பதுதான் கிளப்பில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். ஈர்க்கால் அந்த வாயைச் சுற்றித் தடவினால் இடித்த பள்ளம் தட்டுப்படும்.

தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு தரம் இரண்டு தரம் இடித்த பள்ளமில்லை. இரும்பு புதிதாக மினுங்கியது.

"அது நான் வாங்கேக்கையே இருந்தது" என்றார்.

ஈர்க்கை மேசையில் வைத்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சுவரில் மணிக்கூட்டுக்குக்கூட உயிரில்லை, நாலு பத்தில் நின்றிருந்தது.

அவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். வேப்பிலை போல ஆடியது. "இதாலை ரெண்டு வருசமாய் இங்கத்தைக் கிளப்புக்குப் போறேல்லை. பின்னேரம் ஆறு மணியானால் பிஸ்டலை எடுத்து வைச்சிருந்து வெறுமனே விசையை இழுப்பன்."

"சுட்ட கோது ஒண்டை உள்ளை போட்டு இழுத்திருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். கோது என்பது சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு; அது இருந்தால் ஊசி அதில்தான் குத்தும், இரும்பு தப்பும்.

"கோது போட்டால் சத்தம் செத்துப் போகும்" என்றார்.

கிளப்பில் சொல்லிவிட்டிருந்தார்கள், பள்ளம் இருந்தால் முப்பது பவுண் குறை, இல்லையென்றால் எழும்பி வா என்று. கேட்ட முழுக் காசும் பையில் இருந்தது. பேசாமல் எண்ணி வைத்துவிட்டு வர மனம் உன்னியது. ஆனால் அப்படி வைத்தால் அது விலையில்லை, பிச்சை. அந்த மனுசன் முகத்தை எங்கே வைப்பார்?

"நூற்றிப் பத்து" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் நிமிர்ந்தார். "நூற்றி முப்பது!"

"பள்ளத்தை நிமிர்த்தவே பதினைஞ்சு பவுண் வேணும். நூற்றிப் பத்து."

"பாத்தால் பூனை மாதிரி, கடிக்கிறது புலி மாதிரி. நூற்றி இருபது. ரீயும் உங்களுக்கு இலவசம்."

சரி என்றேன். ரீயை நான்தான் ஊற்றினேன், அவர் ஊற்றினால் சிந்தும். லைசென்சில் விற்ற விபரத்தை எழுத அவருக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. "பொலிசுக்கு நானும் எழுதிப் போடவேணும், நீங்களும் போடவேணும். மறக்காதையுங்கோ."

பிஸ்டலை என் துணி உறைக்குள் வைத்து, பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

"பெட்டியும் சேர்த்துத்தான் விலை" என்றார், முகம் சுண்டி.

"எங்கடை ஊரிலை மாடு வித்தால், வித்தவர் கயித்தைக் குடுக்கமாட்டார். வாங்கிறவர்தான் கயிறு கொண்டுவரவேணும். கயிறு வித்த வீட்டிலை இருக்கவேணும்."

"மாடோ?" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார், இருமல் வரும் வரைக்கும். பிறகு பெட்டியைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கதவு வரை எழும்பி வரவில்லை.

ஒன்றேகாலுக்குத் திரும்பவும் 159. பிறிக்ஸ்ரன் வருமட்டும் எனக்கு என்மேல் நல்ல திருப்தி. கிறீன் பார்க்கில் ரெயிலுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. ஊரில் கயிறு வீட்டில் இருப்பது, அடுத்த மாடு வரட்டும் என்று. இந்த மனுசனுக்கு அடுத்தது வராது. பச்சைத் துணியில் அந்த உருவத்தின் வெறுங்குழியைத்தான் நான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போவோமா என்று இரண்டு ரெயிலை விட்டேன். போய் என்ன சொல்வது? மூன்றாவதில் ஏறினேன்.

மூன்று மணிக்கு வீடு. கதவைத் திறந்து லைற்றைப் போட்டேன். பொலிசுக்குக் கடிதம் எழுதி முத்திரை ஒட்டினேன். சோறு சூடாக்கிச் சாப்பிட்டேன். ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு ரீவியில் செய்தி தொடங்குகிற சத்தம் சுவரால் வந்தது. பிஸ்டலை வெளியே எடுத்தேன். பைக்குள் எப்போதும் கிடக்கிற சுட்ட கோது ஒன்றை உள்ளே போட்டு, கதவுப் பக்கம் நீட்டி, ஒருக்கால் விசையை இழுத்தேன்.

அவர் சொன்னது சரிதான். சத்தம் செத்துத்தான் போகிறது.

கோதை எடுக்காமலே பிஸ்டலை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். வியாழக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.