மாமா கூடப் போன ஊர்

மழை விட்ட கருங்கல் தரையில் குதிரைச் சாணமும் மூத்திரமும் ஊறிக் கிளம்புகிற புளித்த வாடையும், அதையும் மீறி மூக்கில் ஏறும் அகில்கட்டைப் புகையின் வாசமும் சேர்ந்ததுதான் எனக்கு வியன்னா. அகில் வாசம் அந்த ஊருடையது அல்ல. நாங்கள் குவைத்திலிருந்து கொண்டுபோனது. சக்கர நாற்காலியில் கறுப்பு அபாயா போர்த்தி உட்கார்ந்திருந்த மாமாவின் துணியிலிருந்து அது வந்துகொண்டே இருக்கும். வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், மாமா அவர்களைத் திருப்பிப் பார்ப்பார்.

மாமா என்றதும் என் உம்மாவின் அண்ணனோ தம்பியோ என்று நினைப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், அங்கேதான் என் காரியம் கெட்டது. அந்த நாட்களில் குவைத்தில் அரபி வீடுகளில் வேலை செய்தவர்கள் எஜமானரை "பாபா" என்றும் எஜமானியை "மாமா" என்றும் கூப்பிடுவார்கள். எங்கள் பாபா ஈராக் போருக்கு முன்பே இறந்துவிட்டார். மாமாதான் வீட்டுக்குப் பெரியவர். வாப்பா அங்கே டிரைவர், உம்மா சமையல். வீட்டு வேலை விசாவில் வந்தவர்கள் பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. மாமா யாருக்கோ போன் போட்டுக் கொஞ்ச நேரம் அதட்டிப் பேசினார், நான் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குப் பின்புறம் மதிலை ஒட்டியிருந்த ஒற்றை அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம்.

அப்பாசியாவில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்துவிட்டதும் மாமாதான். கூடப் படித்தவர்களின் அப்பாக்கள் இன்ஜினியர்கள், பாங்க்கில் வேலை பார்ப்பவர்கள். நான் வாய் திறந்து பேசவே கூசுகிற பிள்ளை. யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று உம்மாவிடம் கேட்டதற்கு, உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்துவிட்டுச் சொன்னார்:

"மாமா வீட்ல இருக்கோம்னு சொல்லுடா. பொய் இல்லையே. மாமா வீடுதானே?"

அப்படியே சொன்னேன். வகுப்பு மிஸ் சென்னைக்காரர். "உங்க மாமா என்ன பண்றாரு, பிசினஸா?" என்று கேட்டார். "வீட்லதான் இருக்காங்க மிஸ்" என்றேன். "ஓ, அவ்ளோ பெரிய பிசினஸா!" என்று சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருடம் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷனுக்கு வியன்னா போவதென்று முடிவானது. பார்த்துக்கொள்ள உம்மா வேண்டும், உம்மாவோடு நானும் வரட்டும், பேரன் ஃபஹதுக்கு விளையாடத் துணையாக இருப்பான் என்று மாமாவே சொன்னார். கோடை விடுமுறைக்கு முந்தின நாள் மிஸ்ஸிடம் போய், "நாங்க மாமா கூட வியன்னா போறோம் மிஸ்" என்றேன்.

"பாருங்கப்பா, நம்ம அமைதிப்புலி யூரோப் போகுது! என்னடா, மாமா கூட அங்கேயே செட்டிலா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பக்கத்துப் பையன் என் விலாவில் குத்தி, "டேய், சாக்லேட் வாங்கிட்டு வாடா, பெரிய ஆளாயிட்டு மறந்துடாத" என்றான். நான் தலையை ஆட்டினேன். எந்தக் கேள்விக்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மாமா ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு தினமும் மதியத் தொழுகை முடிந்ததும் டாக்ஸி பிடித்து வியன்னாவின் பழைய நகரத்துக்குப் போவோம். குறுகலான சந்துகள், இருபுறமும் முந்நூறு நானூறு வருடத்து வீடுகள், நடுவில் ஒரு பெரிய தேவாலயம். அதன் கூரையில் வண்ண ஓடுகளைப் பாம்புத் தோல் போல அடுக்கியிருந்தார்கள். தேவாலயத்தை ஒட்டிக் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும். வண்டிக்காரர்கள் வட்டத் தொப்பி வைத்து மீசையை முறுக்கிக்கொண்டு இருப்பார்கள். கல் பாவிய தரையில் நாற்காலியின் சக்கரம் குதிக்கும்போதெல்லாம் மாமா "யா அல்லாஹ்" என்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார், ஆனால் திரும்பிப் போகலாமா என்று உம்மா கேட்டால் முறைப்பார். ஃபஹதையும் என்னையும் ஒரே வண்டியில் ஏற்றிச் சுற்றிவர அனுப்புவார். ஐஸ்கிரீம் வாங்கினால் எனக்கும் அதே அளவுதான். இதை நான் மறைக்கக் கூடாது. அவர் கொடுமைக்காரர் இல்லை. கொடுமைக்காரராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் குழப்பம் இருந்திருக்காது.

ஒரு நாள் ஒரு சந்தில் நாற்காலியை நிறுத்தச் சொல்லி, கையை நீட்டி ஒரு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு உம்மாவிடம் பேச ஆரம்பித்தார். குவைத்தின் பழைய ஊர் ஒரு மதிலுக்குள் இருந்ததாம். மண் வீடுகள், இதே அகலச் சந்துகள், மாடியிலிருந்து எதிர்வீட்டு மாடிக்குப் பேரீச்சம்பழத் தட்டு கைமாறுமாம். எண்ணெய்ப் பணம் வந்ததும் அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் விலை கொடுத்தது. எல்லோரும் வாங்கிக்கொண்டு வெளியே பெரிய பெரிய வீடு கட்டினார்கள். பழைய ஊரை இடித்துத் தள்ளினார்கள்.

"நான் பிறந்த இடத்துல இப்ப கார் நிறுத்துறாங்க" என்றார் மாமா. "இந்த வெள்ளைக்காரங்களுக்குப் பெட்ரோல் கெடைக்கல. அதனால இவங்க வீடு தப்பிச்சுது."

உம்மா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மாமா ஊருக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசுவதே நின்றுபோனது. டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகும், அந்தப் பழைய நகரத்துக்குள்ளேயே ஒரு சந்தில் வீடு பார்த்து வாடகைக்கு எடுத்தார். சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் எதிர்வீட்டுச் சன்னல். அதைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்.

ஆகஸ்ட் கடைசியில் ஃபஹதை அவன் தாயாரோடு குவைத்துக்கு அனுப்பினார்கள், பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று. உம்மா என் துணிகளையும் மடித்துப் பையில் வைத்துவிட்டு மாமாவின் முன்னால் போய் நின்றார்.

"மாமா, இவனும் போவட்டும். இவனுக்கும் மத்ரஸா இருக்கு."

மத்ரஸா என்றால் அரபியில் பள்ளிக்கூடம். மாமா சன்னலிலிருந்து திரும்பாமலே, "பாச்சிர்" என்றார். குவைத்தில் நாளைக்கு என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். அந்த நாளை எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம்.

"ஃபஹத் போறானே மாமா."

"ஃபஹதுக்குப் பரீட்சை வரும்."

"இவனுக்கும் பரீட்சை வரும் மாமா."

மாமா அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். பார்வை முழுக்கப் பிரியம். "இவன் கெட்டிக்காரன். போனதும் ரெண்டு நாள்ல எல்லாத்தையும் படிச்சிடுவான். பசங்க ரெண்டு பேரும் போயிட்டா இந்த வீடு மய்யத்து வீடு மாதிரி ஆயிடும். இவனாவது இருக்கட்டும்."

உம்மா என் துணிகளைப் பையிலிருந்து திரும்ப வெளியே எடுத்து வைத்தார். எங்கள் பாஸ்போர்ட்டுகள் மாமாவின் கைப்பையில் இருந்தன.

செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. சந்துகளில் மஞ்சள் இலைகள் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தன. மாமா எனக்குக் கம்பளிக் கோட்டு வாங்கித் தந்தார். காலையில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் முதுகில் பை மாட்டிய பிள்ளைகள் கூட்டமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். நான் உள்ளே வந்துவிடுவேன். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த போன் கூண்டில் காசு போட்டு உம்மா வாப்பாவிடம் பேசுவார். "நான் என்னங்க செய்யட்டும்? கேட்டா பாச்சிர் பாச்சிர்ங்கறாங்க" என்பார். பிறகு என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்வார்.

அங்கே குவைத்தில் வாப்பா பள்ளிக்கூடத்து ஆபீஸுக்குப் போயிருக்கிறார். அன்று நடந்ததை வாப்பா பல வருடம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். ஆபீஸில் இருந்தவரும் தமிழர்தானாம்.

"சார், பையன் மாமா கூட வியன்னா போயிருக்கான். கொஞ்சம் லேட்டாயிடுச்சு. பேரை எடுத்துடாதீங்க" என்றிருக்கிறார் வாப்பா.

"அட என்ன பாய் நீங்க! மாமா கூட யூரோப் போன பையன் இங்க வந்து என்ன பண்ணப் போறான்? அங்கயே படிக்கட்டும். பெரிய ஆளா வருவான்."

"இல்ல சார், மாமா திரும்பி வந்துடுவாங்க."

"வருவாரு, வருவாரு. நல்லா சம்பாதிச்சிட்டு மெதுவா வருவாரு. அதுவரைக்கும் சீட்டைப் பூட்டு போட்டு வைக்கச் சொல்றீங்களா? வெளியில பாருங்க, எத்தனை பேர் நிக்கிறாங்க."

வந்துடுவாங்க என்ற மரியாதைச் சொல்லில் ஆணா பெண்ணா என்று தெரிவதில்லை. அந்த மாமா ஓர் அரபிக் கிழவி, நான் அவங்க கார் டிரைவர், என் மனைவி அவங்க சமையல்காரி, என் பிள்ளையை அவங்க அனுப்ப மாட்டேங்கறாங்க என்று வாப்பா ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததாம். பின்னால் நின்றவர்கள் எல்லாம் டை கட்டியவர்கள். அதோடு, வீட்டு வேலை விசாக்காரனுக்குக் குவைத்தில் பிள்ளை எப்படி வந்தது என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது? வாப்பா சலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பனி விழ ஆரம்பித்து, மாமாவுக்கு இடுப்பு வலி தாங்காமல் போன பிறகுதான் நாங்கள் குவைத் திரும்பினோம். மறுநாளே வாப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். என் பெஞ்சில் கண்ணாடி போட்ட ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான். மிஸ் என்னைப் பார்த்ததும் வெளியே ஓடிவந்து, "அடடே, யூரோப்காரன்! என்னடா, மாமா ஊரு பிடிக்கலையா?" என்று கன்னத்தைக் கிள்ளினார். உண்மையான அன்போடுதான் கிள்ளினார். பிள்ளைகள் சன்னலில் முட்டிக்கொண்டு என் கோட்டைப் பார்த்தார்கள். அடுத்த ஏப்ரலில் திரும்பவும் ஐந்தாம் வகுப்புக்கு விண்ணப்பம் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரலில் என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாப்பா மாமாவிடம் போய்க் கேட்டார். மாமா அதற்குள் படுக்கையோடு இருந்தார். நான்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன், தலையணையை நிமிர்த்துவேன். வியன்னாவின் சந்துகளைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல ஆமாம் ஆமாம் என்பேன். வேறு யாரும் அதைக் கேட்க உட்காருவதில்லை. "கலாஸ்" என்றார் மாமா, அந்தப் பேச்சு முடிந்தது என்பது போல. "இவன் வளர்ந்துட்டான். என் பக்கத்துல இருக்கட்டும். பின்னால உன்னை மாதிரி டிரைவராக்கிடலாம், நானே லைசென்ஸ் எடுத்துத் தரச் சொல்றேன்."

வாப்பா அறைக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நம்ம விசா அவங்க கையில இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். உம்மா அன்று எங்களுக்குச் சோறு ஆக்கவில்லை. அந்த வீட்டுக்கு மட்டும் ஆக்கினார்.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எனக்கு வயது வந்ததும் லைசென்ஸ் கிடைத்தது. அதன்பின் சில வருடங்களில் அவர் இறந்தார். மய்யத்தை எடுப்பதற்கு முன் அவருடைய மூத்த மகன் கலங்கிய கண்களோடு பின்புறம் மதிலோரத்து அறைகளுக்கு வந்தார். வேலைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். இறந்தவர் யாருக்காவது தவறு செய்திருந்தால், அடக்கும் முன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு வாங்குவது வழக்கம். மகன் ஒவ்வொருவரிடமும் "சாமிஹூஹா" என்றார், அவரை மன்னித்துவிடுங்கள் என்று. உம்மா முகத்தை மூடிக்கொண்டு, "மன்னிச்சாச்சு பாபா, மன்னிச்சாச்சு" என்று தமிழிலேயே அழுதார். வாப்பா நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். என் முறை வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போதுமே தரையைப் பார்த்து நிற்பவன் என்பதால் அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நான் இன்னும் குவைத்தில்தான் கார் ஓட்டுகிறேன், வேறு வீட்டில். இப்போது யாரும் மாமா பாபா என்று கூப்பிடுவதில்லை, எல்லோரும் மேடம், சார். மாமாவின் வீட்டை மகன்கள் பாகம் பிரித்து விற்றார்கள். எங்கள் அறை இருந்த இடத்தையும் சேர்த்து அங்கே பன்னிரண்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. அப்பாசியாவில் பள்ளிக்கூடம் இருந்த கட்டடத்தில் இப்போது மரச்சாமான் கடை. வாப்பாவும் உம்மாவும் ஊர் மண்ணில் அடங்கிவிட்டார்கள். மூத்த மகனும் போன வருடம் காலமானார். சென்ற கோடையில் ஃபஹத் தன் பிள்ளைகளோடு வியன்னா போய்வந்ததாகக் கேள்விப்பட்டேன், அங்கே ஒரு கல் கூட மாறவில்லையாம். அன்று மதிலோரம் மூத்த மகன் என்னிடம் கேட்ட, மன்னித்தேன் என்கிற அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று என்றாவது மனம் வந்தாலும், கேட்டு வாங்கிப் போக வந்தவர் இப்போது இல்லை.