அதியாத் சொன்ன 'முடியாது'

அதியாத் பிறந்தபோது அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகத் தூக்கிப் பிடித்து முதுகில் இரண்டு வைத்தாள். குழந்தை ஒரு கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அடித்தவளோடு அன்றைக்கே பேச்சு நின்றுபோயிற்று. அந்த மருத்துவச்சி அதே தெருவில்தான் கிழவியாகி இறந்தாள். அதியாத்தின் வாயிலிருந்து ஒரு ஸலாம்கூட வாங்காமலே போய்ச் சேர்ந்தாள். எகிப்தில் அவர்கள் ஊரான தமியாத்தில் இதை நம்பாதவர்கள் சிலர் உண்டு. அவர்களோடும் அதியாத் பேசுவதில்லை.

அந்த ஊரில் சண்டை என்றால் ஊரே கூடும். தொண்டை கிழியும், செருப்பு பறக்கும், நடுவில் யாராவது தேநீர் கொண்டுவருவார்கள், மாலைக்குள் எல்லாரும் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். அதியாத்துக்கு அந்த மலிவான வேலையெல்லாம் ஒத்துவராது. அவள் வாயை மூடுவாள், அவ்வளவுதான். கசாப்புக்கடைக்காரர், பாலாடைக்கட்டி விற்கும் இரட்டையர்கள், பள்ளித் தலைமையாசிரியை என்று அவள் பேசாதவர்களை நிற்க வைத்தால் வரிசை நைல் கரை வரைக்கும் போகும். கல்யாணமான முதல் வருஷம், வெங்காயம் அடைத்துச் சமைத்த வாத்தில் உப்புக் குறைவு என்று கணவர் ரவூஃப் சொல்லிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் முற்றத்தில் திரிந்த இன்னொரு வாத்திடம்தான் பேசினாள். "வாத்தே, உன் எசமானுக்குச் சோறு ஆறுதுன்னு சொல்லு." அந்த வாத்தை அறுக்க வேண்டிய பெருநாள் வந்தபோது ரவூஃப் கத்தியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாராம், இதுவும் போய்விட்டால் எனக்குச் சோறு என்று யார் சொல்வார்கள் என்று.

இப்படிப்பட்டவள் ஒரே ஒருவனோடு மட்டும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள். தம்பி சுப்ஹி. தாய் சீக்கிரம் இறந்துவிட்டதால் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பேசக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். பிற்காலத்தில் அதை நினைத்து நினைத்துத் தன் நாக்கையே கடித்துக்கொண்டாள்.

தகப்பனார் ஹாக் முதவல்லி தங்கமுலாம் பூசிய சோபாக்களுக்கும் கட்டில்களுக்கும் பெயர்போனவர். கடைசிக் காலத்தில் கடைக்கு ஓர் இணையதளம் வைத்தார். குவைத்திலும் ஜித்தாவிலும் இருக்கும் மணப்பெண்களின் தாய்மார் அதைப் பார்த்துத்தான் இங்கே கட்டில் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகள் இரண்டும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியக்கூடாது என்று கிழவர் ஒரு தந்திரம் செய்தார். இணையப் பெயருக்கு உரிமையாளர் என்று மகளை எழுதினார். அந்தப் பெயரை ஒரு பதிவு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். அதை மகனிடம் கொடுத்தார். பூட்டு ஒருத்தியிடம், சாவி ஒருவனிடம். இனி இரண்டும் பேசிக்கொண்டுதானே ஆகவேண்டும் என்று நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

கிழவர் மண்ணுக்குள் ஆறுவதற்குள் சண்டை வந்தது. அதியாத் தன் கல்யாணக் கட்டிலை மறுபடி முலாம் பூசக் கடையில் விட்டிருந்தாள். சுப்ஹி அதை மன்சூராவிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவருக்கு விற்றுவிட்டான்.

"தெரியாம வித்துட்டேன்க்கா. பழசுன்னு நெனச்சேன்."

அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "நானும் பழசுதான்டா. என்னையும் வித்துடு."

அதன்பிறகு கடைக்கு நடுவில் சுவர் எழுந்தது. கட்டில் செய்து விற்கும் அதியாத், வைராக்கியத்துக்காகத் தரையில் மெத்தை போட்டுப் படுத்தாள். ரவூஃபின் இடுப்பு அந்த வைராக்கியத்துக்குக் கூலி கொடுத்தது. தெருவழியே வருகிறவர்கள் சுப்ஹியின் பக்கம் போனார்கள். இணையத்தில் வருகிறவர்கள் எல்லாம் அதியாத்தின் பக்கம். இணையப் பெயர் மட்டும் இல்லாவிட்டால் அவள் பக்கத்துக் கதவை அன்றைக்கே இழுத்து மூடவேண்டியதுதான். உள்ளே செதுக்கு வேலை செய்யும் மூன்று குடும்பங்களும் அவளோடு தெருவுக்கு வரவேண்டியதுதான்.

அக்காளும் தம்பியும் நேராகப் பேசுவதில்லை என்றாலும், கடைவாசலில் உட்கார்ந்து மெத்தை தைக்கும் ஷிஹ்தாவின் தலைக்கு மேல் வார்த்தைகள் போய்வந்துகொண்டிருந்தன.

"ஷிஹ்தா மாமா, சிலபேரு வார்னிஷ் அடிக்கிறாங்களா, தேனைத் தடவுறாங்களா? ஈ மொய்க்குது," என்பாள் அதியாத்.

"ஷிஹ்தா மாமா, ஈ எங்கே மொய்க்கும்? சரக்கு இருக்கிற இடத்துலதானே? சிலபேரு கடையில ஈயே இல்ல."

ஷிஹ்தா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு இரண்டு பக்கமும் தலையாட்டுவார். ஊசி வாயில் இருக்கிறவரைக்கும் தன்னைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்பது அவர் கணக்கு.

இது பகை, ஆனால் பகைக்கும் அங்கே ஒரு முறை உண்டு. பேச்சு நின்ற இரண்டு பேரில் எவர் முதலில் நேராக ஒரு வார்த்தை சொல்கிறாரோ, அவர் சமாதானத்துக்கு வந்துவிட்டார் என்று பொருள். பாகு சொட்டும் மிஷப்பக் இனிப்பு ஒரு தட்டு நிறைய வாங்கிக்கொண்டு எதிராளி வீட்டுக்கு அவர்தான் நடக்கவேண்டும். தெருவே ஜன்னலில் நின்று பார்க்கும். அதியாத் அந்தத் தட்டைத் தூக்குவதைவிட நைலில் இறங்கிவிடுவாள். இது சுப்ஹிக்கும் நன்றாகத் தெரியும்.

ஒரு காலை நேரம் ரவூஃப் கைபேசியைத் தூரத்தில் நீட்டிப் பிடித்தபடி வந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"அதியாத், கெய்ரோவுல நம்ம பேரு வச்சிருக்கிற கம்பெனியிலேர்ந்து வந்திருக்கு. டொமைனை வேற கம்பெனிக்கு மாத்தச் சொல்லி யாரோ குறியீட்டோட கேட்டிருக்காங்களாம். உனக்குச் சம்மதமான்னு கேக்குறாங்க."

"யாரோன்னா? அந்தக் கட்டில் திருடன்தான்."

"அஞ்சு நாளைக்குள்ள நீ மறுக்கணும்."

"மறுக்கலேன்னா?"

"பதில் இல்லேன்னா சம்மதம்னு எடுத்துக்கிட்டு மாத்திடுவாங்களாம்."

அதியாத் உட்கார்ந்தாள். வாழ்நாள் முழுக்க அவள் பேசாமல் இருந்ததற்கு ஒரே பொருள்தான் இருந்தது: நீ செத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அதை உலகத்தில் எவனோ ஒருவன் 'சரி' என்று மொழிபெயர்த்து விதியாக எழுதி வைத்திருக்கிறான். அந்தப் புண்ணியவான் யார் என்று தெரிந்திருந்தால் அவனோடும் பேச்சை நிறுத்தியிருப்பாள்.

கெய்ரோவுக்குப் போன் போட்டாள். இங்கி என்று ஒரு பெண் எடுத்தாள், வாயில் சூயிங்கம்.

"ஆமா மேடம், அதுதான் ரூல். மாத்தறதுன்னா உரிமையாளர்கிட்ட கேப்போம். நீங்க வேண்டாம்னா நிறுத்திடுவோம். பேசாம இருந்தா போயிடும்."

"போய் என்ன ஆகும்?"

"புதுக் கம்பெனியில பேரு அவரோட கணக்குல உக்காந்துடும் மேடம். அப்புறம் அவர் எதை எங்கே திருப்பினாலும் நீங்க கேஸ் போட்டு நடக்கணும்."

"நான் வேண்டாம்னு சொன்னா அது யாருக்குப் போகும்? உனக்கா, அவனுக்கா?"

"எனக்குத்தான். ஆனா உரிமையாளர் மறுத்துட்டாங்கன்னு அவருக்கு நாங்க சொல்லியாகணும் மேடம்."

"என் பேரு போட்டா?"

"பின்னே என் பேரா போடுவேன்?"

அதியாத் போனை வைத்துவிட்டாள். இங்கியும் அந்த நைல் கரை வரிசையில் போய் நின்றாள்.

பொறி எவ்வளவு அழகாக வைக்கப்பட்டிருக்கிறது என்று இப்போதுதான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. வாயை மூடினால் பெயர் போகும். திறந்தால் மானம் போகும். எந்தப் பக்கம் விழுந்தாலும் சுப்ஹிக்கு லாபம். நான் வளர்த்த பாம்பு, நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. உடனே அந்தப் பெருமையைத் துப்பினாள்.

சுப்ஹி மறுநாளிலிருந்து வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு அதன் ஒரு காலையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஷிஹ்தா மாமா, உங்களுக்கு மிஷப்பக் பிடிக்குமில்ல? மொறுமொறுன்னு? இந்த வாரம் யாரோ தட்டோட வருவாங்க போலிருக்கு."

ஷிஹ்தா இரண்டாவது ஊசியையும் வாயில் வைத்தார்.

"வரலேன்னாலும் பரவாயில்ல. குவைத்துக்காரங்க வருவாங்க."

அதியாத் உள்ளே போய் ஒரு சோபாவை உளி எடுத்துக் கொத்தினாள். செதுக்குகிறவர்கள் மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் மூத்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அம்மா, நாங்க வேற இடம் பாத்துக்கலாமா?"

"யாரு சொன்னது?"

"உங்க தம்பிதான். மூணு பேருக்கும் இடம் இருக்குன்னாரு. சுவரை இடிச்சுட்டா இடம் நெறைய வருமாம்."

கெடு முடியும் நாள் நண்பகல் தொழுகை கழிந்ததும் அதியாத் கையலம்பிக்கொண்டு வந்து கைபேசியை வாங்கினாள். மறுக்கிறேன் என்ற கட்டத்தைத் தொடுவதற்கு முன், கழிப்பறைக்குள் போகிறவள்போல் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தொட்டாள். அதற்குக் கீழே 'காரணம்' என்று இன்னொரு கட்டம் திறந்தது.

"காரணம்கூட எழுதலாமா?" என்றாள்.

"எழுதலாம் போலிருக்கே," என்றார் ரவூஃப். சொன்னதற்கு அவர் இன்றுவரை வருத்தப்படுகிறார்.

அதியாத் எழுதினாள். மாலைத் தொழுகை அழைப்பு வரும்வரை எழுதினாள். அடக்கி வைத்த வருஷங்களெல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் திமுதிமுவென்று இறங்கின. கட்டிலில் தொடங்கி, சுப்ஹி ஆறு வயதுவரை படுக்கையை நனைத்தது வழியாக, அவன் மாமனார் வீட்டு மூக்குகள் வரைக்கும் போனது.

சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. சுப்ஹி தெருவுக்கு ஓடிவந்தான்.

"பேசிட்டா! ஊர்க்காரங்களே, எங்க அக்கா பேசிட்டா! மிஷப்பக் எங்கே?"

தெரு கூடியது. ஷிஹ்தாவின் வாயிலிருந்து இரண்டு ஊசியையும் பிடுங்கித் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அவ உன்கிட்டயா சொன்னா? கம்பெனிகிட்டச் சொன்னா. கம்பெனி உன்கிட்டச் சொல்லுச்சு. அப்படிப் பாத்தா தட்டுத் தூக்கவேண்டியது கம்பெனிதான்."

"என் மாமனார் மூக்கைப் பத்திக் கம்பெனிக்கு என்னய்யா தெரியும்?" என்று சுப்ஹி கத்தினான். தெரு சிரித்த சிரிப்பில் அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பெயர் அதியாத்திடமே நின்றது.

மறுநாள் காலையில் மறுபடி ஒரு கோரிக்கை வந்தது. குறியீடு அவனிடம்தானே இருக்கிறது, கேட்க என்ன தடை? அதியாத் மறுத்தாள், காரணம் எழுதினாள். அதற்கடுத்த நாளும் வந்தது. சுப்ஹியும் விவரமானவன், கோரிக்கையோடு 'குறிப்பு' என்று ஓர் இடம் இருப்பதைக் கண்டுபிடித்து, தரையில் படுத்துப் படுத்து அக்காவின் முதுகு ஒட்டகம்போல் ஆகிவிட்டதை அதில் விசாரித்திருந்தான். கெய்ரோவில் இரண்டு கம்பெனிகளின் ஆட்களும் வேலையை விட்டுவிட்டு இதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்கிறார்கள்.

ஒருநாள் இங்கியே முதலில் கூப்பிட்டாள், முறைப்படி அது சமாதானக் கணக்கு. சூயிங்கம் இல்லை, குரலில் அழுகை.

"மேடம், தயவு பண்ணுங்க. நீங்க எழுதறதை எங்க மேனேஜர் அனுப்பக் கூடாதுங்கிறார். எதுக்கு இந்தத் தொல்லை? அடையாள அட்டை அனுப்புங்க, பேரைப் பூட்டிடறேன். குறியீட்டையும் மாத்திடறேன். இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்."

"பூட்டினா?"

"அவரால மாத்தவே முடியாது."

"கேக்கவாவது முடியுமா?"

"கேக்கவே முடியாது மேடம். ஒரு வார்த்தை வராது. நிம்மதியா இருக்கலாம்."

அதியாத் சுவரைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"வேண்டாம்மா."

ரவூஃப் துள்ளி எழுந்தார். "உனக்குப் பைத்தியமா? ஒருநாள் நீ காய்ச்சல்ல படுத்தா, பதில் போகாம பேரே போயிடுமே!"

"படுக்க மாட்டேன்."

"கடை போயிடும், அதியாத்!"

"நான் இருக்கிறவரைக்கும் போகாது. பூட்டிட்டா அவனுக்கு முடியாது முடியாதுன்னு நான் எப்படிச் சொல்றது, வாத்துகிட்டயா?" கைபேசியைத் தேய்த்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. புருவம் சுருங்கியது. "மணி என்ன? இன்னிக்கு இன்னும் வரலையே. செத்துத் தொலைஞ்சானா அந்த நாய்?"

கைபேசி முனகியது. அதியாத் கண்ணாடியைத் தலைத்துணி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு, தம்பி எழுதிய குறிப்பை இரண்டு தரம் படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காரணம் என்ற கட்டத்தைத் திறந்தாள்.