காதுக்கு அளவான இடியப்பம்

எண்பதுகளில், சவூதியில் வேலை செய்த எங்கள் மூத்தவர், காக்கா, தங்கச்சிக்கு வண்ணக் களிமண் அனுப்பினார். சுட்டால் பிளாஸ்டிக் போல இறுகும். கூட வந்த விளக்கத்தாளை முழுவதும் வாசித்தவன் வீட்டில் நான் மட்டுமே. அவளோ வெள்ளைக் களியைத் தேயிலை வடிகட்டியில் அழுத்தி நூல்நூலாக எடுத்து, நகத்தளவு இடியப்பம் செய்து, மேலே சிவப்புக் களியில் சம்பலும் வைத்தாள். பாண் ரொட்டி இறக்கிய பேக்கரிப் போறணை அடுப்பின் மிச்சச் சூட்டில் சுட்டுக் காதணியாக்கினாள்.

எங்கள் கல்முனையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆனாலும் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று மாப்பிள்ளையின் தாய் வந்து விசாரிப்பார். அப்படி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, உம்மா நீட்டிய தங்கத் தோட்டை ஒதுக்கிவிட்டு, தங்கச்சி இடியப்பத்தையே மாட்டிக்கொண்டாள். சம்பந்தம் குழம்பிவிடும் என்று உம்மா நடுங்கினார்.

வந்தவர் அவள் காதைப் பிடித்துப் பார்த்தார். "அச்சு அசலா இடியப்பந்தான். திங்கிறதும் புழிவியா மகள்?"

"இல்ல மாமி. காதுக்கு அளவா மட்டுந்தான் தெரியும்."

உம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்கென்ன, எங்கட மகன் நல்லாப் புழிவான். உங்கட ஊட்டுக்குத்தானே வாறான், இடியப்ப உரலையும் குடுத்து உடுறன்."

சீதன நடைமுறைகள் எனக்கு மனப்பாடம். வீடு, வளவு, வயல் எல்லாம் பெண் தரப்பின் கடமை. மாப்பிள்ளை தரப்பிலிருந்து இடியப்ப உரல் வருவதற்கு எந்த விதியிலும் இடமில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு முன்னே அதுதான் வந்திறங்கியது.