அக்கா தொங்கவிட்ட சீனப் பட்டு

எங்கள் அக்கா பிறந்தது சாவகச்சேரியில். நாட்டு நிலைமையால் அத்தானோடு ரொறன்ரோ வந்து, குளிரோடும் இரண்டு வேலையோடும் மல்லுக்கட்டி, கடைசியில் அஜின்கோர்ட்டில் ஒரு திரைச்சீலைக் கடையில் தையல் வேலையில் நிலைத்தார். துணி என்றால் அவருக்கு உயிர். கலியாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்கமுன் மணவறைச் சோடனையைத்தான் பார்ப்பார்.

இலண்டனில் இருக்கும் என்னிடம் வந்தபோது பழைய பிரபு மாளிகை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். அங்கே கட்டிலைச் சுற்றித் தொங்கிய சீனப் பட்டில் பூவும் பறவையுமாகத் தைத்திருந்ததைப் பார்த்து நின்றவர் நகரவேயில்லை. பிறகு அதைப் பற்றித் தேடித்தேடி வாசித்தார். சீனாவின் கன்ரன் துறைமுகத்துத் தையற்காரர் ஆங்கிலேயரின் கட்டிலுக்கும் விருப்பத்துக்கும் ஏற்றபடி தைத்து அனுப்பிய திறமையைச் சொல்லிச் சொல்லி மாளமாட்டார். பிற்காலத்து ஆங்கிலேயரின் கதை வந்தால் மட்டும் சிரிப்பு அடங்காது.

"சீனப் பொம்பிளையளின்ர பாவாடையைக் கொண்டுவந்து பியானோவுக்கு மேல விரிச்சிருக்கினமடா! உடுப்புக் கையை வெட்டிக் குஷன் உறை!"

அக்காவின் மகளின் கலியாணத்துக்கு, ரொறன்ரோ மில்லிக்கனில் அவர்களின் பக்கத்து வீட்டில் இருக்கும் சீன அம்மா, தன் தாயாரின் சிவப்புப் பட்டு ஒன்றைக் கொடுத்தார். தங்க நூலில் பறவைகள். அக்கா ஆசையாக அதை மணவறைக்குப் பின்னால் தொங்கவிட்டார். மண்டபத்துக்கு வந்த சீன அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது முன்னோருக்குப் படைக்கும் மேசையின் முன்பக்கம் கட்டும் துணியாம்.

அக்கா திகைத்துப்போனார். பிறகு சபையே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "வெள்ளைக்காரரைப் பழிச்சன். நானும் அதைத்தானே செய்து வைச்சிருக்கிறன்!"

ஆனாலும் அது அவர் மனதை அரித்துக்கொண்டேயிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனார். சீன அம்மா வாங்கவில்லை. நோயில் படுத்திருந்தபோதும் அக்கா என்னிடம் அதையே சொன்னார்.

"தம்பி, அந்தத் துணியை ஒருக்கா எண்டாலும் அதின்ர இடத்தில கட்டவேணும். நாங்கள் நிலத்தில வாழையிலை போட்டெல்லோ படைக்கிறம். மேசைக்கு எங்கை போறது?"

சென்ற ஆண்டு அக்கா கண்மூடினார். அன்றே அந்தத் துணியைக் கட்டக் கேட்டோம். துக்க வீட்டில் சிவப்பு ஆகாது, ஆண்டு கழியட்டும் என்றார் சீன அம்மா. ஆண்டுத் திவசத்தன்று இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது, அக்காவின் படம் வைத்த மேசையில் சீன அம்மாவே அதைக் கட்டியிருப்பார். கிட்டப் போய்ப் பாருங்கள். அக்கா இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியிருப்பார்.

அக்காவைப் பராமரித்த தாதியர், சோறு கறி கொண்டுவந்து தந்த அயலவர், தூர இடங்களிலிருந்து வந்து தோள் தந்த உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது.

மேசைக்கு எங்கே போவது என்று கேட்டீர்களே அக்கா. அது உங்களுக்குப் படைக்கும் மேசையாக இருக்குமென்று நான் நினைக்கவேயில்லை.

— தம்பி